தூண்டிற்கோலும் பாஸ் மீனும்

1932ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியா மாநிலத்திலே, ஜோர்ஜ் பெரி என்னும் இருபது வயது இளைஞர் தம் நண்பர் ஒருவருடன் மீன் பிடிக்கச் சென்றார். பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம் அது. தந்தையை இழந்த குடும்பத்தின் பாரம் அவர் தோள்மீது கிடந்தது. மழையினால் நிலம் சேறாகி உழவுக்கு ஆகாத நாளாதலின், வீட்டிலே சும்மா இருப்பதைக் காட்டிலும் கறிக்கு ஏதேனும் தேடுவது நன்று என்று புறப்பட்டனர் என்பர். அவர்கள் சென்ற இடம், ஒக்மல்கி ஆறு பழைய தடத்தை விட்டு விலகியபோது பின்னே விட்டுச் சென்ற நீர்நிலை. மொன்ற்கோமரி ஏரி என்று அதற்குப் பெயர். ஏறியது பலகைகளை அடித்துத் தாமே செய்துகொண்ட சிறு வள்ளம். இருவருக்கும் சேர்த்து ஒரு கோல், ஒரு றீல், மரத்தாற் செய்த பொய்யிரை ஒன்று. ஒருவர் வீச, மற்றவர் வள்ளத்தை வலிப்பார்.

நீரிலே விழுந்து கிடந்த மரத்தின் ஓரமாகப் பெரி இரையை வீசினார். நீர் ஒருமுறை சுழித்தது. நூலை இழுத்தபோது எதுவும் அசையவில்லை. முள் ஏதோ கட்டையிலே மாட்டிக்கொண்டது என்றே அவர் முதலில் எண்ணினார். கையிலிருந்த ஒரே இரையும் போய்விட்டால் அன்றைய மீன்பிடி அதனோடு முடிந்தது அன்றோ? பின்னர் அந்தக் கட்டை நகரத் தொடங்கியது. ஹெலினா என்னும் ஊரின் அஞ்சல் நிலையத் தராசில் அம்மீன் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறுத்தது. பெருவாய்ப் பாஸ் என்னும் இனத்தில் அதனை நிகர்த்த மீன் அடுத்த 77 ஆண்டுகள் எவர் கைக்கும் எட்டவில்லை. உலக சாதனை படைத்த அந்த மீன் கண்ணாடிப் பெட்டிக்குப் போகவில்லை. வீட்டுக் கறிச்சட்டிக்குப் போயிற்று.

இன்று அதே நாட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையொன்றிற் புகுவோர் திகைத்து நிற்பர். கோல்கள் மூங்கிற் காடுபோல வரிசையாக நிற்கும். றீல்கள் நகைக் கடையிற்போல மின்னும். பொய்யிரைகளோ பல்லாயிரம். புதிதாகப் பழக வந்தவர் பெரும்பாலும் முதலிற் கோலை வாங்குவார். கையிற் பிடித்து ஆட்டிப் பார்க்க அதுவே வசதியானது. அதன்பின் அதற்கு ஏற்றதென்று ஒரு றீல், அதிற் சுற்ற ஒரு நூல், கடைசியாகக் கண்ணைப் பறித்த நான்கைந்து இரைகள் என வாங்கிப் பணத்தையும் கொடுத்துவிடுவார். இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. மீன் எங்கே கிடக்கின்றது என்பது முதலிலே தெரிதல் வேண்டும். அந்த இடம் இரையைத் தீர்மானிக்கும். இரை நூலைத் தீர்மானிக்கும். நூலும் இரையும் சேர்ந்து றீலையும் கோலையும் தீர்மானிக்கும். ஒரே இரையுடன் சென்ற இளைஞருக்கு அந்த மீன் அகப்பட்டதில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. ஆயினும், அவர் அந்த இரையை நடுநீரில் வீசாமல் விழுந்த மரத்தின் ஓரத்திலே வீசினார் என்பதை மறத்தலாகாது.

பாஸ் என்றதும் இலங்கையிலே சிலர் மயங்குதல் கூடும். மட்டக்களப்பு முதலிய களப்புகளிற் படும் கொடுவாவை ஆங்கிலத்திலே கடற்பாஸ் என்பர். அமெரிக்கர் பாஸ் என்று கொண்டாடும் மீன் வேறு. அது நன்னீரிலே பிறந்து நன்னீரிலேயே மடிவது. கனடாவின் தென்பகுதி தொடங்கி மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் வழியாகப் புளோரிடாவும் மெக்சிக்கோவின் வடபகுதியும் வரை அதன் பூர்வீகம் பரந்துள்ளது. பெயரளவிற் பாஸ் ஆயினும், உயிர்நூலார் அதனைச் சூரியமீன் குடும்பத்திலேயே வைத்துள்ளனர். அதன் பேரினப் பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட் 1802இல் இம்மீனை விவரித்தபோது, அவர் முன்னிருந்த மீனின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்தது. பின்புறத்தில் அறுந்து தனித்து நின்ற துண்டைத் தனியொரு சிறு துடுப்பென்று கருதி, ‘சிறு துடுப்புடையது’ என்று பொருள்படும்படி ‘மைக்ரொப்ரெறஸ்’ எனப் பெயரிட்டுவிட்டார். ஊனமுற்ற ஒரு மீனின் அடையாளத்தை அந்த இனம் முழுவதும் இன்றுவரை சுமக்கின்றது.

தூண்டிற்காரர் முதன்மையாக நாடுவன பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டுமாகும். வாயை மூடிய நிலையில் மேற்றாடையின் முனை கண்ணைக் கடந்து பின்னே சென்றால் அது பெருவாய். கண்ணோடு நின்றுவிட்டாற் சிறுவாய். பெருவாய்ப் பாஸ் பச்சை நிறத்தது; விலாவிலே நீளவாட்டில் கருங்கோடு ஓடும். வெதுவெதுப்பான, ஓட்டங் குறைந்த, நீர்ப்பூண்டு செறிந்த நீரை அது விரும்பும். சிறுவாயோ வெண்கல நிறமுடையது. குளிர்ந்த தெளிந்த நீரையும் கல்லடியையும் நாடுவது. பின்வருவன பெரும்பாலும் பெருவாய்ப் பாஸைப் பற்றியன.

விராலை அறிந்தவர்க்கு இம்மீனின் குணத்தை விளக்குவது எளிது. அதுபோலவே இதுவும் துரத்திப் பிடிப்பதைக் காட்டிலும் பதுங்கிப் பிடிப்பதையே விரும்பும். தாமரை இலையின் நிழல், நீருள் மூழ்கிய மரத்தின் கிளைக்கவடு, படகுத்துறைக் கால்களின் இருள், பூண்டுப் படுகை முடிந்து வெளிநீர் தொடங்கும் விளிம்பு ஆகிய இடங்களிலே அசையாமல் நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயையும் செவுளையும் கணப்பொழுதில் அகல விரிக்கும். நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே உறிஞ்சப்படும். கவ்விக் கடிப்பதன்று, உறிஞ்சுவதே இதன் வழக்கம். வேண்டாத பொருளாயின் அதே விரைவில் வெளியே உமிழ்ந்துவிடும். தூண்டிற்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த உறிஞ்சலுக்கும் உமிழ்வுக்கும் இடைப்பட்ட நேரமே.

நீரின் வெப்பநிலையையும் அவர் கருதவேண்டும். மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பின்பற்றுவது. பரன்ஹைற் 50 பாகைக்குக் கீழே நீர் குளிர்ந்தால் அதன் உடல் மந்தமாகும். இரையை மிக மெதுவாக, ஏறக்குறைய மூக்கின் முன்னே கொண்டு செல்லவேண்டும். 60 பாகையைத் தாண்டும் வசந்தத்தில் அது கரையோரத்துக்கு வந்து முட்டையிடும். கோடையின் நடுப்பகலில் ஆழத்தையோ அடர்ந்த நிழலையோ தேடும். காலையும் மாலையும் மேலே வந்து மேயும்.

இனி இரைக்கு வருவோம். உயிருள்ள சிறுமீனும் மண்புழுவும் தவளையும் என்றும் உள்ள இரைகளே. ஆயினும் பாஸ் மீன்பிடியின் சுவை பெரும்பாலும் பொய்யிரையிலே தங்கியுள்ளது. மிச்சிகன் மாநிலத்து டோவஜியாக் என்னும் ஊரிலே ஜேம்ஸ் ஹெடன் என்றொரு தேனீ வளர்ப்பாளர் இருந்தார். அவர் ஒருநாள் ஆலைக் குளத்தருகே நண்பர்களுக்காகக் காத்திருந்தபோது, பொழுதுபோக்காகச் சீவிய குச்சியொன்றை நீரில் எறிந்தாராம். பாஸ் மீனொன்று பாய்ந்து அதனைத் தாக்கியதாம். மெய்யோ புனைவோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெடன் மரத்தாலே தவளை உருவங்களைச் செதுக்கியது உண்மை. அவர் குடும்பம் தொடங்கிய தொழிலகம் பொய்யிரை உற்பத்தியிலே பெயர்பெற்று விளங்கியது.

மேல்நீரிலே துள்ளித் துடித்துச் சலசலப்பை உண்டாக்கும் இரைகள் ஒருவகை. அதிகாலையில், காற்றடங்கிய வேளையில் இவற்றை மிஞ்சுவன இல்லை. நீர் வெடித்து மீன் மேலே எழும் காட்சிக்காகவே, குறைவாகப் பட்டாலும் இவற்றை விடாது வீசுவோர் உளர். இடைநீருக்கு உரியன, தலையின் கீழே சிறு தகடு பொருத்திய மீனுருவங்கள். இழுக்கும்போது நீர் அத்தகட்டை அழுத்துவதால் இரை ஆடியாடிக் கீழிறங்கும். தகடு சிறிதாய்ச் செங்குத்தாக நின்றால் ஆழம் குறைவு. நீண்டு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஆழம் மிகுதி. கடையிலே விலைச்சீட்டைப் பார்க்குமுன் இத்தகட்டைப் பார்ப்பவர் ஏமாறமாட்டார். கம்பியிலே உலோகத் தகடு சுழலும் இரையொன்றும் உண்டு. கலங்கிய நீரில் அது நன்கு உதவும். மீனின் விலாவிலே உள்ள உணர்கோடு, தகட்டின் அதிர்வைக் கண்ணுக்குத் தெரியுமுன்பே அறிந்துகொள்ளும்.

இவை அனைத்தினும் மேலாக ஒன்றை மட்டுமே தெரிந்தெடுக்க வேண்டுமாயின், பலரும் செயற்கைப் புழுவையே எடுப்பர். அதன் பிறப்பிடம் ஒரு சமையலறை. ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிறீம் என்னும் இயந்திரத் தொழிலாளரும் அவர் மனைவியும் வினைல் என்னும் பிளாஸ்ரிக்கை அடுப்பிலே காய்ச்சி, அச்சில் வார்த்து, 1949இல் மெத்தென்ற புழுவைச் செய்தனர். அதற்கு முன் வந்த றப்பர்ப் புழுக்கள் விறைத்து நின்றன. இதுவோ நீரில் உயிருள்ளதுபோல நெளிந்தது. பின்னர் டெக்சாஸ் மாநிலத்தார் அதனைக் கோக்கும் முறையொன்றைக் கண்டனர். துப்பாக்கிக் குண்டின் வடிவிலே துளையிட்ட ஈயமொன்றை நூலில் ஓடவிட்டு, அதன் கீழே முள்ளைக் கட்டுவர். முள்ளின் நுனியைப் புழுவின் தலையிற் குத்தி, கால் அங்குலத்தில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள் புதைத்துவிடுவர். நுனி வெளியே தெரியாதாகையால் பூண்டிலும் கிளையிலும் அது மாட்டாது. மற்ற இரைகள் அஞ்சும் புதருக்குள்ளே, மீன் வாழும் வீட்டுக்குள்ளேயே, புழுவை அனுப்பலாம்.

இம்முறையிற் புழுவை இழுப்பது றீலன்று, கோலே. இரை அடியைத் தொட்டதும் கோலின் நுனியை மெல்ல உயர்த்தவேண்டும். புழு ஓரடி எழும். நுனியைத் தாழ்த்தித் தளர்ந்த நூலைச் சுற்றவேண்டும். புழு மிதந்து இறங்கும். பாஸ் பெரும்பாலும் இறங்கும்போதே எடுக்கும். கையிலே தெரிவது விரல்நுனியால் ஒருமுறை தட்டியது போன்ற மெல்லிய அதிர்வு. சிலவேளை அதுவும் இல்லாமல் நூல் பக்கவாட்டில் நகரும். புதியவர் பலர் இங்கேதான் தவறுவர். அதிர்வை உணர்ந்ததும் பதறி இழுப்பர். தளர்ந்த நூலே இழுபடும், முள் ஏறாது. தளர்வைச் சுற்றி எடுத்தபின் கோலை வலுவாக மேலே உயர்த்தினாலே, முள் முதலிற் புழுவையும் பின்னர்த் தாடையையும் துளைக்கும்.

அடுத்து நூல். மற்றெல்லாச் சாமானுக்கும் தாராளமாகச் செலவிட்டு, நூலில் மட்டும் சிக்கனம் பார்ப்போர் எந்நாட்டிலும் உளர். மீனுக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள ஒரே தொடர்பு அதுவென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். முற்காலத்தில் முறுக்கிய பட்டுநூலே சிறந்ததாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அதனை அவிழ்த்து உலர்த்தாவிடின் இற்றுவிடும். 1938இல் நைலோன் அறிவிக்கப்பட்டபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. இலங்கை மீனவர் தங்கூசி என்று வழங்கும் ஒற்றையிழை நைலோன் நூல் இன்றும் மலிவானது, பழகுவோர்க்கு ஏற்றது. அது இழுபடும்போது நீளும். அந்த நீட்சி குறையுமாகும், நிறையுமாகும். தொலைவில் முள்ளேற்றும்போது விசை குன்றும். ஆனால் மீன் திடீரெனத் திமிறும்போது அந்நீட்சியே அதிர்ச்சியைத் தாங்கும்.

புளோரோகாபன் என்னும் நூல் பின்னர் யப்பானிலிருந்து வந்தது. நீரைப்போல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு செறிவுடையதாதலின் அது விரைந்து அமிழும். ஒளியை வளைக்கும் தன்மையில் நைலோனைவிட நீருக்கு அணித்தாக இருப்பதனால் தெளிந்த நீரில் எளிதிற் புலப்படாது. புழுவுக்கும் ஆழத்து இரைக்கும் அது பொருந்தும். மேல்நீர் இரையை அது கீழே இழுத்துவிடும். மூன்றாவது பொலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. அது சிறிதும் நீளாது, மிதக்கும், பருமனுக்கு மிக மிஞ்சிய வலிமையுடையது. பாசி மூடிய நீரிலே தவளையிரையை வீசுவோர் 50 இறாத்தல் தாங்கும் பின்னல் நூலைப் பயன்படுத்துவர். ஐந்து இறாத்தல் மீனுக்கு ஐம்பது இறாத்தல் நூலா என்று வியத்தல் வேண்டா. மீனோடு அதைச் சுற்றிய பூண்டுப் பொதியும் சேர்ந்தே வரும். வெளிநீரிலோ 8 இறாத்தல் நைலோன் போதும். விழுந்த மரங்களினிடையே 12 முதல் 20 இறாத்தல் வரை வேண்டும்.

நூல் எவ்வளவு வலியதாயினும் முடிச்சு நெகிழ்ந்தால் யாதும் பயனில்லை. முடிச்சை இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்கவேண்டும். உலர்ந்த நூலை இறுக்கும்போது உண்டாகும் உராய்வுச் சூடு நைலோனைச் சிதைத்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போயிற்று என்று முறையிடுபவரின் நூல் நுனி பன்றிவாற் சுருளாகச் சுருண்டிருந்தால், அறுத்தது மீனன்று. முடிச்சு உருவிப் போயிற்று என்று அறியலாம்.

றீலின் வரலாறு கடிகாரக் கடையிலே தொடங்குகின்றது எனின் மிகையாகாது. பல்சக்கர றீல் இங்கிலாந்தில் முன்னரே இருந்ததாயினும், அதனைச் செம்மைப்படுத்தியவர்கள் கென்ரக்கி மாநிலத்துக் கைவினைஞரே. பாரிஸ் என்னும் பெயருடைய அம்மாநிலச் சிற்றூரில் ஜோர்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், கைப்பிடி ஒருமுறை சுற்ற நூலுருளை பலமுறை சுழலும் றீல்களைச் செய்தார். பின்னர் மீக் சகோதரர் அக்கலையை மேலும் உயர்த்தினர்; அவர்களும் கடிகாரத் தொழிலாளரே. நுண்ணிய பல்லுருளையை வெட்டத் தெரிந்த கை அக்காலத்தில் வேறு யாரிடம் இருந்தது?

இவ்வகை றீலில் வீசும்போது உருளையும் சுழலும். இரை விரைந்து புறப்பட்டுப் பின்னர்க் காற்றினால் வேகங் குறையும். உருளையோ பெற்ற வேகத்திலேயே சுழலும். வெளியே செல்லும் நூலைவிட அவிழும் நூல் மிகுதியாகி, உருளைமேற் குருவிக்கூடு கட்டிவிடும். அதனைப் பிரிக்கும் அரைமணி நேரத்திற் பொறுமையிழந்து கத்தியை எடுத்தோர் பலர். பெருவிரலை உருளைமீது இறகுபோல வைத்திருந்து, இரை நீரைத் தொடும் கணத்தில் அழுத்துவதே அதற்கு மருந்து. இன்றைய றீல்களிற் காந்தத் தடையும் மையவிலக்குத் தடையும் உண்டு. இரையைக் கோல்நுனியிலே தொங்கவிட்டு, நூலை விடுவித்து, இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை தானே நிற்கும்படி தடையைத் திருகி வைத்தாற் குருவிக்கூடு பெரும்பாலும் கட்டாது. பழகுவோர் அரை அவுன்ஸ் நிறையுள்ள இரையிற் கை பழகுதல் நலம். மென்மையான இரையே இந்த றீலுக்குப் பகை.

மெல்லிய இரைக்கு வேறு றீல் பிறந்தது. இங்கிலாந்தின் நெசவாலைத் துறையைச் சேர்ந்த இலிங்வேத் என்பவர் 1905இல் காப்புரிமை பெற்ற நிலையுருளை றீலே அது. நெசவாலையில் நூற்கட்டை அசையாதிருக்க நூல் அதன் நுனி வழியே உருவி வருவதுபோல, இங்கும் உருளை அசையாதிருக்க நூல் அதன் விளிம்பால் வழிந்து செல்லும். குருவிக்கூட்டுக்கு இடமில்லை, கால் அவுன்ஸுக்குக் குறைந்த இரையும் நெடுந்தூரம் போகும். மூன்றாவது வகை இன்னும் வியப்பானது. டெக்சாஸைச் சேர்ந்த ஹல் என்னும் கடிகாரம் திருத்துவோர், கடையிலே பொதி கட்டும் நூல் அசையாத உருண்டையிலிருந்து உருவி வருவதைக் கண்டு, மூடியுள்ள றீலொன்றை அமைத்தார். அதனைச் செய்ய முன்வந்தது எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்த டல்சா நகரத்துத் தொழிலகம்! 1949இல் வெளிவந்த அந்த றீலைக் குழந்தையும் பொத்தானை அழுத்தி வீசலாம்.

கோலைப்பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னையவை தெளிந்துவிட்டாற் கோல் தானே தெரிந்துவிடும். ஏற்கத்தக்க நூலின் வலிமையும் இரையின் நிறையும் நல்ல கோலின் அடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒற்றை முள்ளைத் தடித்த தாடையில் ஏற்றவேண்டிய புழுவுக்கு, நுனி மட்டும் வளைந்து உடல் விறைப்பாக நிற்கும் ஏழடிக் கோல் வேண்டும். மும்முட்கள் தொங்கும் மீனுருவ இரைக்கு அதே கோல் ஆகாது. அம்முட்கள் சிறியன, மெல்லிய தசையிலே மேலோட்டமாக ஏறுவன, விறைத்த கோல் அவற்றைக் கிழித்து விடுவித்துவிடும். நடுப்பகுதிவரை வளைந்து கொடுக்கும் கோலே அதற்குத் தக்கது. கண்ணாடியிழைக் கோல் அப்பணியில் இன்றும் மதிப்புடையது. கரியிழைக் கோல் நிறை குறைந்ததாய், மெல்லிய தட்டலையும் கைக்கு அறிவிப்பதாய், புழுவுக்கு உகந்தது.

மீன் மாட்டியபின் றீலின் இழுவைத் தடை வேலை செய்யவேண்டும். நூல் தாங்கும் நிறையில் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை இழுத்தால் நூல் வழுவும்படி அதனை அமைப்பது வழக்கம். 12 இறாத்தல் நூலாயின் மூன்று நான்கு இறாத்தல் இழுவையில் வழுவவேண்டும். கையால் மதிப்பிடாமல் விற்றராசிலே கட்டிப் பார்ப்பதே திறம். பாஸ் நீருக்கு மேலே எழுந்து தலையை உதறும்; அப்போது கோல்நுனியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் துள்ளல் அடங்கும்.

மெல்லிய நூலால் நெடுநேரம் போராடிப் பிடிப்பதே திறமை என்று நெடுங்காலம் மதிக்கப்பட்டது. இன்று அக்கருத்து மாறிவிட்டது. கோடை நீரில் உயிர்வளி குறைவு. நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விடுவித்தபோது நீந்திச் சென்றாலும் பின்னர் மடிதல் கூடும். ஆகவே இடத்துக்கும் மீனுக்கும் போதிய வலிமையுள்ள சாமானைத் தெரிவது பிடிப்பவரின் வசதிக்காக மட்டுமன்று. அது மீனின் உயிரையும் பொறுத்தது. அலபாமா மாநிலத்துக் காப்புறுதி முகவரான ரே ஸ்கொற் என்பவர் 1967இல் ஆர்க்கன்சோவிலுள்ள பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் போட்டியை நடத்தினார். மறு ஆண்டிலே பாஸ் பிடிப்போர் சங்கத்தையும் தொடங்கினார். போட்டிகளில் மீன்கள் குவிந்து மடிவதை அவரே கண்டார். 1972 முதல், பிடித்த மீனைப் படகிலுள்ள நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, நிறுத்தபின் மீண்டும் நீரில் விடும் வழக்கத்தைப் பரப்பினார்.

விடுவதற்கும் முறை உண்டு. கையை நனைத்துக்கொள்ளவேண்டும், உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான காப்பை உரித்துவிடும். கீழ்த்தாடையைப் பெருவிரலாற் பற்றலாம். ஆனால் பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் மறு கையால் தாங்கவேண்டும். வசந்தத்திலே கூடு காக்கும் ஆண்மீனைப் பிடிப்போர் இன்னுங் கவனித்தல் வேண்டும். முட்டையையும் குஞ்சையும் காப்பது தந்தையே. அதனை எடுத்த சில நிமிடங்களுள் வேறு மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடும். குளிர்ந்த மாநிலங்கள் சிலவற்றில் அப்பருவத்தில் தடையும் கட்டுப்பாடும் இருப்பது இதனாலேயே. ஈயக்குண்டைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நீர்ப்பறவைகள் சிறு ஈயத்தை விழுங்கி நஞ்சேறி மடிவதைக் கண்ட நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2000ஆம் ஆண்டிலே அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஈயத்துக்குப் பதிலாகத் தங்ஸ்தன் குண்டை இப்போது பலர் வாங்குகின்றனர். விலை கூடியதாயினும், அதே நிறைக்கு அளவிற் சிறியது. அடியிலுள்ள கல்லையும் கட்டையையும் கைக்குத் தெளிவாக உணர்த்துவது.

அமெரிக்காவில் நல்லொழுக்கமாகப் போற்றப்படும் இந்த விடுவிப்பு மற்றொரு நாட்டிலே குற்றமாகின்றது. 1925இல் அக்கபோசி தெத்சுமா என்னும் வணிகர் பெருவாய்ப் பாஸை அமெரிக்காவிலிருந்து கொண்டு சென்று யப்பானின் ஆசி ஏரியில் விட்டார். அங்கிருந்து அது நாடெங்கும் பரவி, அந்நாட்டுச் சிறுமீன்களை மேய்ந்தது. பீவா ஏரி அமைந்துள்ள சிகா மாகாணம், பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விடலாகாது என்று 2003இல் விதி செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் இம்மீன் கேடு விளைக்கும் அயல்நாட்டு உயிரினங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பீவா ஏரியிலேதான் 2009ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி மனபு குரிற்றா என்பவர் பெரியின் மீனை நிகர்த்த மீனைப் பிடித்தார். அது 22 இறாத்தல் 5 அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தது. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது மிகுந்திருக்கவேண்டும் என்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதியாதலின், இரு மீனும் சமமென்று பதியப்பட்டன. யப்பானியரின் தூண்டிலிலே கோத்திருந்தது புளூகில் என்னும் உயிருள்ள சிறுமீன். அதுவும் அமெரிக்காவிலிருந்து சென்று குடியேறியதே.

மாலையில் வீடு திரும்பியபின் சாமானுக்குச் செய்யவேண்டிய பணி சிறிதுண்டு. றீலின் இழுவைத் தடையைத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுகிய நிலையிலே கிடந்தால் உள்ளிருக்கும் வட்டுகள் ஒட்டிக்கொள்ளும். நூலின் கடைசி இரண்டு முழத்தை விரலிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டி எறியவேண்டும். இரைகளை ஈரத்தோடு பெட்டியிலே மூடினால் முட்கள் துருவேறும். மெத்தென்ற புழுக்களை மற்ற இரைகளோடு சேர்த்து வைத்தல் ஆகாது; பிளாஸ்ரிக்கிலுள்ள எண்ணெய் வண்ணப்பூச்சைக் கரைத்து, காலையிலே பெட்டியைத் திறக்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். முள்ளின் கூரை நகத்திலே வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அது வழுக்கிச் சென்றால் அரம் போடவேண்டும். நகத்திற் பற்றி நின்றால் மறுநாளைக்கு ஆயத்தம்.